ஏரியில் விளைந்த பயிர்

ஏரிக்கரை வீடு
ஜனவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை. மற்றபடி உன் அண்ணன் நேற்று மத்தியானத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். காரணம் நீ, அதாவது உன் ஆபீஸ். போனில் சொல்லலாம் என்றால் அவர் காது முழுக்க இங்கேயே இருக்கிறது. அதனால் மீன் வண்டிக்காரரிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வரும், கொஞ்சம் நாறும். பொறுத்துக்கொள்.

மீனவர் சங்கத்துச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துப் போட்டதாம். வீடு சிவப்பு, மரம் பச்சை, பயிர் மஞ்சள், தண்ணீர் நீலம். நம் ஏரி எங்கே என்று தேடினேன். நடுவில் கைக்குட்டை அளவுக்கு நீலம் இருந்தது. மிச்சமெல்லாம் மஞ்சள். ஏரியில் பெரும்பகுதி விளைநிலமாகிவிட்டதால் அந்தப் பகுதியை நீர்நிலைப் பட்டியலிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று கீழே அறிவிப்பு. எடுத்த பிறகு மண் கொட்டி நிரவி, லாரி நிறுத்த இடம் செய்வார்களாம். மார்ச் கடைசியில் கருத்துக்கேட்புக் கூட்டம்.

நான் சங்கத்தில் மீன் நிறுக்கிற தராசு முன்னால் உட்கார்ந்தபடி எல்லார் முகத்தையும் பார்த்தேன். வலை வீசுகிறவர்களுக்கு இந்த ஏரியை விட்டால் வேறு போக்கிடம் ஏது? ரேடியோ அக்காதான் வாயைத் திறந்தாள். (உனக்கு நினைவிருக்கும், எதிர் வீட்டு அக்கா, வாய் மூடாதவள்.) "அப்போ எங்க வீட்டுக்காரரு தினமும் வயலுக்குள்ள படகை விட்டு மீன் புடிச்சிட்டு வர்றாரு, அப்படித்தானே?" என்றாள். சிரிக்கக்கூட யாருக்கும் மனசில்லை.

படத்தின் மூலையில் உன் ஆபீஸ் பெயர் இருந்தது. அண்ணன் விரலை வைத்துப் படித்தார். "என் தங்கச்சி வேலை பார்க்கிற எடமா இதைப் போட்டது?" என்றார். வீட்டுக்கு வந்ததும், "பொறந்த ஊரு ஏரியையே வயல்னு எழுதிட்டு உக்காந்திருக்கா. இனிமே அவ பேச்சை என்கிட்ட எடுக்காத" என்று சொல்லிவிட்டு வாத்துக் கொட்டகைக்குப் போய்விட்டார். வலையை விட்டுவிட்டு வாத்து வளர்க்க ஆரம்பித்ததிலிருந்து கோபம் வந்தால் அங்கேதான் போய் உட்காருகிறார்.

நீ தெரிந்து செய்திருக்க மாட்டாய். ஏரியை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதன் அடியில் ஆள் முங்குகிற தண்ணீர் இருக்கிறதே, அது உங்கள் படத்துக்குத் தெரியாதா? என்னவென்று உடனே எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


மாடி அறை
ஜனவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மீன் வாசனையோடுதான் வந்தது, பக்கத்து அறைக்காரி ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். எனக்கு அந்த வாசனையில் வீட்டு நினைவு வந்து அழுகையாக வந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை நான் போடவில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு விதி இருக்கிறது: சொந்த ஊர் வருகிற படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. வேண்டியவர்களுக்குச் சாதகமாகத் திருத்திவிடுவோம் என்று பயம். அதனால் நம் ஏரி பக்கத்து மேசைக்காரருக்குப் போயிருக்கிறது. நானும் ரொம்ப ஒழுங்காக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பேன். இதை அண்ணனிடம் சொல்லத்தான் நாலைந்து தரம் கூப்பிட்டேன். எடுக்கவே இல்லை.

நடந்தது இதுதான். செடி ஒரு மாதிரி வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பும், அது நம் கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். தண்ணீர் அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஆகாயத்தாமரை அடர்த்தியாக மூடினால் மேலிருந்து பார்க்கிறபோது செடி மட்டும்தான் தெரியும், தண்ணீர் இல்லவே இல்லை என்று ஆகிவிடும். அதுவும் நம் ஏரியில் வெயில் காலத்தில் குறைந்து, மழைக்குப் பிறகு மறுபடி பரவுகிறது. மூன்று வருஷமாக அப்படியே. விதைத்து அறுக்கிற வயலும் அப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டர் பயிர் என்று முடிவு கட்டிவிட்டது, பக்கத்து மேசைக்காரரும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மேலாளரிடம் போய் நின்றேன். "அது ஏரி சார், என் வீட்டு வாசல்லேருந்து பார்த்திருக்கேன்" என்றேன். "உங்க வீட்டு வாசல் எனக்கு ஆதாரம் இல்லம்மா" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான், அதுதான் எரிச்சல். நேரில் எடுத்த போட்டோ வேண்டும். அதுவும் செயற்கைக்கோள் ஏரிக்கு மேலே போகிற அதே நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

பிப்ரவரி 11 காலையில் அது மேலே போகிறது. நீங்கள் யார் படகிலாவது ஏறி, ஏரியில் அங்கங்கே நிறுத்திப் போட்டோ எடுங்கள். போனில் இடம் குறிக்கிற வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். செடி இருக்கிற இடத்தில் துடுப்பை உள்ளே விட்டு, அடியில் தண்ணீர் இருப்பது தெரிகிற மாதிரி எடுங்கள். முக்கியமாக, இருக்கிறதை இருக்கிறபடியே எடுங்கள் அண்ணி. எதையும் மாற்ற வேண்டாம்.

அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் வேண்டாம்.

உங்கள் சின்னவள்


ஏரிக்கரை வீடு
பிப்ரவரி 13

என் அன்புச் சின்னவளே,

ஏரி இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? நீ பார்த்தால் வாயைப் பிளப்பாய்.

உன் கடிதத்தை ரேடியோ அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். அது என் புத்தி. மறுநாள் விடிவதற்குள் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. "சேட்டிலைட்டு நம்ம ஏரியைப் போட்டோ புடிக்க வருதாம். குப்பையும் கூளமுமா இப்படியா காட்டுறது?" என்று அவள்தான் கிளப்பிவிட்டாள். நீ எதையும் மாற்ற வேண்டாம் என்று எழுதியதைச் சொன்னேன். "அது மரியாதைக்குச் சொல்றது. வீட்டுக்கு வர்றவங்க ஒண்ணும் செய்ய வேணாம்னுதான் சொல்லுவாங்க, நாம பெருக்காம இருந்துடுவோமா?" என்று என் வாயை அடைத்துவிட்டாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

சங்கத்தில் உள்ள அத்தனை படகும் இறங்கின. துரட்டியால் இழுக்கிறவர்கள் இழுக்க, கூடையில் அள்ளுகிறவர்கள் அள்ள, படித்துறையிலிருந்து நடு ஏரி வரைக்கும் ஆகாயத்தாமரையைத் துடைத்து எடுத்துவிட்டோம். என் கை இரண்டும் இன்னும் வலிக்கிறது, இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். கடைசி நாள் உன் அண்ணனும் வந்தார். நேராகப் படகில் ஏறி, இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அவளுக்காக வரல. ஏரிக்காக வந்தேன்" என்றார். நான் கேட்கவே இல்லை.

11ஆம் தேதி காலையில் ரேடியோ அக்கா விசேஷத்துக்கென்று மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு படித்துறையில் வந்து நின்றாள். சங்கத் தலைவர் முடிக்குச் சாயம் போட்டிருந்தார். எல்லாரும் கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. நான் நீ சொன்னபடி படகில் போய்ப் போட்டோ எடுத்தேன். ஒவ்வொன்றிலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. எல்லாவற்றையும் ஒரு சின்னக் கார்டில் ஏற்றி இதோடு வைத்திருக்கிறேன். உன் மேலாளர் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுவார்.

இதற்கப்புறமும் வயல் என்று சொல்லட்டும், நானே கிளம்பி வருகிறேன்.

உன் அண்ணி


மாடி அறை
பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டவா, காலில் விழவா?

திட்டை முதலில் முடித்துக்கொள்கிறேன். நான் கேட்டது செடி இருக்கிற இடத்துப் போட்டோ. நீங்கள் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தண்ணீரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மேலாளர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "தண்ணி இருக்கிற எடத்துல தண்ணி இருக்கு. இதுல நான் என்னத்தைத் திருத்துறது?" என்றார். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ரேடியோ அக்கா எட்டுப் போட்டோவில் இருக்கிறாள். ஒன்றில் வானத்துக்குக் கையாட்டுகிறாள்.

அப்போதுதான் பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தான் போட்ட படம் தப்பாகிவிடும் என்று அவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் வந்தார். "இவங்க எப்போ சுத்தம் பண்ணினாங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஐந்து நாளைக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வரும். நீங்கள் இறங்குவதற்கு முன்னால் எடுத்த படத்தையும் 11ஆம் தேதிப் படத்தையும் பக்கத்தில் போட்டார். முதல் படத்தில் படித்துறை முன்னால் எல்லாம் பச்சை. அடுத்ததில் அதே இடம் கறுப்பு. கறுப்பு என்றால் தண்ணீர். நீங்கள் படகு படகாக இழுத்த ஓரம்கூட வளைந்து வளைந்து தெரிகிறது.

அவர் மேலாளரைக் கூப்பிட்டார். "சார், பயிரை அறுத்தா கீழ மண்ணுல்ல தெரியணும்? தண்ணி தெரியுதே" என்றார். மேலாளர் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். 16ஆம் தேதிப் படமும் வந்தது. அதில் காற்றுக்கு மிச்சச் செடி கிழக்கேயிருந்து நகர்ந்து, நீங்கள் துடைத்த இடத்தில் பாதியை மூடியிருக்கிறது. வயல் எந்த ஊரில் இடம் மாறும்? நான் சொன்னபடி நீங்கள் கேட்டிருந்தால் இந்த அத்தாட்சி கிடைத்தே இருக்காது அண்ணி. அதனால் திட்டு வாபஸ். படத்தை மறுபடி போடச் சொல்லிவிட்டார் மேலாளர். ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படத்தைத் திருத்தினால் அறிக்கையில் காரணத்தையும் எழுத வேண்டும்: இந்தச் செடி ஏன் வந்தது, எங்கிருந்து பரவுகிறது என்று. பக்கத்து மேசைக்காரர் மூன்று வருஷப் படங்களையும் அதற்கு முந்தினவற்றையும் வரிசையாக ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு வருஷமும் முதல் பச்சை மேற்கு மூலையில்தான் துளிர்க்கிறது, ஒரு நீளமான சாம்பல் கூரைக்குப் பக்கத்தில். அந்தக் கூரை போடுவதற்கு முந்தின வருஷங்களில் அங்கே ஒன்றும் இல்லை. அது யாருடைய கூரை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நம் வாத்துக் கொட்டகை.

தெருச் சாக்கடையும் ஏரிக்குத்தான் வருகிறது, அது பச்சையைப் பரப்புகிறது. வாத்து மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆரம்பம் அங்கேதான். எழுபது வாத்துகளின் எச்சமாக இருந்திருந்தால் ஏரி தாங்கியிருக்கும், அண்ணன் எழுநூறு வைத்திருக்கிறார். கழுவி விடுகிற தண்ணீர் அத்தனையும் உரம்.

இதை நான் எழுதவும் முடியாது, மறைக்கவும் முடியாது. கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் அண்ணன் இதைக் கேட்கக் கூடாது. முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. ஏரி கிடைத்து, அண்ணன் கிடைக்காமல் போய்விடுவாரோ என்று இருக்கிறது.

உங்கள் சின்னவள்


ஏரிக்கரை வீடு
மார்ச் 2

சின்னவளுக்கு,

உன் மேல் எனக்கு ரொம்பக் கோபம். அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன தபால் பெட்டியா? சந்தோஷச் செய்தி என்றால் நேரே சொல்வீர்கள், இப்படியென்றால் அண்ணி. கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கத்து மேசைக்காரர் பக்கத்து மேசைக்காரர் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறாயே, அவர் யார் என்று கேட்க நினைத்ததுகூட மறந்துபோயிற்று.

முந்தாநாள் சொல்லிவிட்டேன். அவர் தீவனம் கலந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன், "உங்க தங்கச்சி ஆபீஸ்ல படத்தைத் திருத்திட்டாங்க. ஏரி ஏரிதான்னு போட்டுட்டாங்க" என்றேன். கை நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"ஏரியைக் காப்பாத்துறேன்னுட்டு என் வாத்து மேல பழியைப் போடுறாளா?" என்றார்.

"அவ போடல. படத்துல தெரியுதாம்."

"படத்துல தெரியுதாம். போன மாசம் படத்துல வயல் தெரிஞ்சுது."

என் மனசில் இருந்ததைச் சொன்னேன். "படம் கிடக்கட்டும். மேற்கு மூலையில மூக்கைப் புடிச்சிக்கிட்டுத்தான் போறோம். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் இவ்வளவு நேராக நான் பேசியதில்லை. சொன்ன பிறகு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவர் ராத்திரி சாப்பிட வரவில்லை.

நேற்றுக் காலையில் தானாக வந்து உட்கார்ந்தார். "மேலேருந்து பார்த்தா நம்ம கொட்டகை தெரியுதாமா?" என்றார். தெரியுதாம் என்றேன். "நல்லாத் தெரியுதாமா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். காப்பியை முடித்துவிட்டு, "அந்தப் படத்தை அனுப்பச் சொல்லு. கண்ணால பார்க்காம நான் எதையும் நம்புறதா இல்ல" என்றார்.

போனில் பேசுங்களேன் என்றேன். எழுந்து போய்விட்டார். படத்தை அனுப்பு. அவருக்குப் புரிகிற மாதிரி பெரிதாக அனுப்பு.

அண்ணி


மாடி அறை
மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று படங்கள் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டு மேசை அகலம். முதலாவது கொட்டகை போடுவதற்கு முன். இரண்டாவது போட்ட வருஷம். மூன்றாவது போன மழைக்குப் பிறகு. எதிலும் அம்புக்குறி போடவில்லை, எதுவும் எழுதவில்லை. அண்ணனுக்குக் கண் இருக்கிறது, அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அறிக்கை முடிந்துவிட்டது. நம் ஏரி இனி 'மிதக்கும் செடி மூடிய நீர்நிலை'. அப்படி ஒரு வகையே எங்கள் பட்டியலில் இல்லை, பக்கத்து மேசைக்காரர் சண்டை போட்டுப் புதிதாகச் சேர்த்தார். இனி வேறு ஊர் ஏரிகளும் வயலாகாமல் தப்பிக்கும். காரணம் என்ற பகுதியில் அண்ணன் பெயர் இல்லை. 'மேற்குக் கரைப் பறவைக் கொட்டகையின் கழிவும் தெருச் சாக்கடையும்' என்று இருக்கிறது. ஆனால் மேற்குக் கரையில் இருப்பது ஒரே ஒரு கொட்டகை. கூட்டத்துக்கு நான் வர முடியாது, சொந்த ஊர் என்பதால் அனுமதி இல்லை.

உங்கள் தலையில் இதைக் கட்டியதற்கு மன்னியுங்கள். நான் கோழை. பக்கத்து மேசைக்காரருக்கு அடுத்த வருஷம் ஓய்வு, பேரன் பள்ளிக்கூடம் போகிறான். உங்கள் கற்பனைக்கு ஒரு முற்றுப்புள்ளி.

உங்கள் சின்னவள்


ஏரிக்கரை வீடு
மார்ச் 29

என் தங்கமான சின்னவளே,

ஏரி பட்டியலிலேயே இருக்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படி.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். பொறியாளர் ஒருவர் உங்கள் புதுப்படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். ஏரி முழுக்க நீலமும், அதன் மேல் பச்சைக் கோடுகளும். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், திரும்பிப் பார்த்தால் சங்கத் தலைவர். லாரி இடம் கேட்டவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். "தண்ணின்னே வெச்சுக்குவோம். வருஷா வருஷம் செடி மூடுற ஏரியால யாருக்கு என்ன பிரயோஜனம்? இது எங்கேருந்து வருதுன்னாவது தெரியுமா?" என்றார்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், சின்னவளே. ரேடியோ அக்காவுக்குக்கூடத் தெரியும், அவளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் உன் அண்ணனைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஏரி கையை விட்டுப் போகிறது என்றே நினைத்தேன்.

உன் அண்ணன் எழுந்து நின்றார். பெஞ்ச் சின்னது, கூடவே கொஞ்சம் தூக்கிக்கொண்டு வந்தது.

"என் கொட்டகைலேருந்துதான் வருது" என்றார். "கழுவுற தண்ணி நேரா ஏரிக்குள்ள போகுது. மூணு படத்தையும் சுவத்துல ஒட்டி வெச்சு ரெண்டு வாரமா பார்த்துட்டேன். கொட்டகையைப் பிரிக்க ஆரம்பிச்சாச்சு. மேட்டுல புதுசா போட்டு, பக்கத்துல குழி வெட்டி, தண்ணியை அதுல விட்டுடுவேன். பாதி வாத்தைக் கொடுத்துட்டேன். சாக்கடைக்கு நீங்க வழி பண்ணுங்க. காரணம் தெரிஞ்சா செடி போகும். ஏரியை மூடினா திரும்பி வராது."

உட்காரப் போனவர் மறுபடி நின்றார். "இன்னொண்ணு. அந்த ஆபீஸ்ல என் தங்கச்சி இருக்கா. அவளை நான் கன்னாபின்னான்னு பேசினேன், ஊருக்கே தெரியும். அதையும் திருத்தி எழுதிக்குங்க" என்றார். பொறியாளருக்கு எந்த இடத்தில் எழுதுவதென்று தெரியவில்லை, பேனாவை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். கடைசியில், ஏரியைப் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை என்பதை மட்டும் எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டினார்.

வெளியே வந்ததும் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அவர் பக்கத்தில் நின்று, "எதுக்கு அழுற, அதான் கிடைச்சிருச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏரிக்கு இன்னும் வேலை கிடக்கிறது. சாக்கடைக்கு அவர்கள் வழி பண்ணுவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும். சங்கத்தில் மாதம் ஒருமுறை துரட்டி எடுப்பதென்று பேசியிருக்கிறார்கள். என் கை தப்பாது.

உன் அண்ணி


ஏரிக்கரை
ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

போனில் பேசலாம்தான். எடுத்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உன் மேல் தப்பு இல்லை. தெரிந்த பிறகும் கொஞ்ச நாள் கோபமாகவே இருந்துவிட்டேன். கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது.

புதன்கிழமை மீன் வண்டியில் ஏறி அங்கே வருகிறேன். நீ இத்தனை வருஷமாக எங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறாய் என்று நான் பார்த்ததே இல்லை. காட்டு. அந்தப் பக்கத்து மேசைக்காரரையும் பார்க்க வேண்டும்.

எந்த வாசல், எந்த மாடி என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பெரிய கட்டடத்துக்குள் தனியாக நுழைய எனக்குக் கூச்சமாக இருக்கும். நீ கீழே இறங்கி வந்து நில்.

அண்ணன்